முன்கூட்டியே கொடுத்த முடி

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். ஓரளவு விவரம் தெரிந்தவன் என்று நாலு பேர் நம்புகிறார்கள். அவர்களைத் திருத்த நான் முயன்றதில்லை. அப்பேர்ப்பட்ட நான், என் பிள்ளைகள் இருவரையும் அவர்களுடைய அம்மா இல்லாமல் வெளியே அழைத்துப் போக முதல்முறையாகக் கிடைத்த நாளுக்கு முந்தைய நாள், திருமலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டேன். மீசையையும் சேர்த்து. கொசுறாக.

இதில் என்ன முட்டாள்தனம், ஊரெல்லாம் செய்வதுதானே என்பீர்கள். ஊர் காரியம் நடந்த பிறகு செய்கிறது. வேண்டிக்கொள்வது, காரியம் கைகூடுவது, பிறகு மலையேறி முடி கொடுப்பது என்கிற வரிசை எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒரு பயம் வந்துவிட்டது. கல்யாணத்திலிருந்து பல் பிடுங்குவது வரை எல்லாவற்றையும் தள்ளிப் போட்டே வாழ்ந்தவன் நான். இவன் வாக்கை நம்ப முடியாது என்று சாமி நினைத்துவிட்டால்? ஆகவே முதலில் முடியைக் கொடுத்துவிட்டால் அவரால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். பிழைப்புக்கும் கணக்குத்தான் எழுதுகிறேன் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

பாதித் தலை வழிக்கப்பட்டிருந்தபோது நாவிதர் பேச்சுக்குக் கேட்டார்.

"வேண்டுதல் நெறவேறிச்சா சார்?"

"நாளைக்குத்தான்."

கத்தி நின்றது. "நாளைக்கா? எடுத்தத ஒட்ட வெக்க முடியாது, சொல்லிட்டேன்."

மீதிப் பாதியை அவர் கொஞ்சம் பரிவோடு வழித்தார் என்று தோன்றியது. மீசையைத் தொட்டு, இதுவுமா என்பதுபோலப் பார்த்தார். எடுத்துவிடுங்கள் என்றேன். சாமிக்குக் கொடுக்கிற இடத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று அப்போது பட்டது.

வேண்டுதல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். என் மனைவிக்குத் திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. எல்லாரும் அங்கேயே போய்விடலாம் என்றாள். அங்கே வாடகைக்குக் கிடைக்கிற வீடுகளில் என் புத்தகங்களுக்கு இடமிருக்காது என்றேன். அதை ஒரு காரணமாக, முகத்தில் சிரிப்பில்லாமல், ஒரு மாதம் முழுக்கச் சொன்னேன். அவள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனாள், புத்தகங்களை எனக்கு விட்டுவிட்டாள். நியாயமான பாகப்பிரிவினை. வக்கீல் வரைக்கும் போகவில்லை. அந்தளவுக்கு மெனக்கெட இருவருக்குமே மற்றவர் மேல் அக்கறை மிச்சமில்லை. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். பிரிந்த பிறகு 'நீங்க' ஆகிவிட்டேன். எனக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் இப்படித்தான் தாமதமாகக் கிடைத்திருக்கிறது.

பெரியவள் யூகேஜி. சின்னவனுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. தினமும் சாயங்காலம் மனைவி போனைப் பிள்ளைகளின் தலையணைமேல் வைத்துவிடுவாள், நான் சித்தூரிலிருந்து கதை சொல்வேன். வீடியோ கிடையாது. வீடியோ போட்டால் பெரியவள் திரையில் தன் மூஞ்சியையே பார்த்து முடியைச் சரி செய்துகொண்டிருப்பாள், கதை நின்றுவிடும். ஆக, சின்னவனுக்கு நான் ஒரு குரல். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் அந்தக் குரலுக்கு ஒரு மீசை முளைக்கும். அவன் அந்த மீசையைப் பிடித்து இழுப்பான். எங்களுக்குள் இருந்த நேரடிப் பழக்கம் அவ்வளவுதான்.

ஒரு மாதம் மனைவியிடம் துணிந்து கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரையும் சித்தூருக்குக் கூட்டிப் போய், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடட்டுமா என்று. அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"மொதல்ல பகல்ல ஒரு நாள் கூட்டிக்கினு போங்க. ஜூவுக்குப் போங்க. நான் வரல, தம்பி வருவான். சின்னவன் அழாம திரும்பி வந்தான்னா அப்புறம் சித்தூரப் பத்திப் பேசலாம்."

பிள்ளை அழக் கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே உள்ளறையிலிருந்த புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன். சின்னக் கட்டில், ரப்பர் ஷீட், யானைப் படம் போட்ட இரண்டு தலையணை வாங்கிப் போட்டேன். அறை காலியாக, பெரிதாக இருந்தது. இடமே இல்லை என்று நான் சொன்ன புத்தகங்களுக்கு ஒரே மாலையில் இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே கிடைத்திருக்கும். அந்த அறை வாசலில் நின்றபோதுதான் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள். என் தலையைப் பார்த்தாள், மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கின்னு பாத்தா?" என்றாள்.

அவள் முழங்காலுக்குப் பின்னாலிருந்து சின்னவன் எட்டிப் பார்த்தான். நான் வழக்கம்போல, "டேய், சிங்கக்குட்டி," என்றேன். குரல் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. கண் என் முகத்துக்கு வந்தது. மலர்ந்தது அப்படியே நின்று, கோணி, அவன் அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ ஓர் அந்நியன் வந்திருந்தால்கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான். இது அப்பாவின் குரலைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டு வந்த அந்நியன்.

பெரியவள் நிதானமாக வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள்.

"நைனா, உனக்குப் பேன் வந்திச்சா?"

"இல்லம்மா, சாமிக்குக் குடுத்துட்டேன்."

"ஏன்? சாமிக்கு முடி இல்லியா?"

என் மச்சான், மனைவியின் தம்பி, உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அன்று வார விடுமுறையை எனக்காகத் தியாகம் செய்திருந்தான். என்னைத் தெலுங்கு முறையில் 'பாவா' என்று கூப்பிடுவான்.

"என்னா பாவா, சாமி எடுத்துக்கினாரா, இல்ல அக்காவ நெனச்சி நீங்களே புடுங்கிக்கினீங்களா?"

"டேய், சும்மா இரு," என்றாள் அவள். அவளுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். எவ்வளவோ நாளுக்குப் பிறகு என்னால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வைப்பது என் தொழில், ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் எந்தக் கணக்கிலும் எழுதிக்கொள்ள முடியவில்லை.

அவள் சின்னவனைச் சமாதானப்படுத்தி மச்சான் தோளில் ஏற்றினாள். "இது கணக்குல சேராது," என்றாள் என்னிடம். "வாசல தாண்டினப்புறம் அழுதாத்தான் கணக்கு." அவள் எப்போதும் நியாயமானவள்தான். அதுதான் கஷ்டம்.

திருப்பதி மிருகக்காட்சிசாலை மலையடிவாரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியவர்கள் ரயிலுக்கு நேரமிருந்தால் பிள்ளைகளோடு வந்து போகிற இடம். அதன் பொருள் எனக்கு நுழைவாயிலில்தான் உறைத்தது. எங்கே பார்த்தாலும் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை, சந்தனம் காய்ந்து உதிர்கிற மொட்டை, அப்பன் மொட்டை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மொட்டை. சின்னவன் ஒவ்வொன்றாகப் பார்த்து மாமன் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். பிறகு, இத்தனை பேருக்கு ஒருவன் பயப்பட முடியாது என்று தெரிந்தோ என்னவோ, மெல்லத் தலையைத் தூக்கினான்.

பெரியவளுக்கு வேறு கவலை. "நைனா, நீ தொலஞ்சி போயிட்டா எந்த மொட்ட நம்மளுதுன்னு எப்டித் தெரியும்?" தன் சடையிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வைத்த ரோஸ் நிற ரப்பர்பேண்டைக் கழற்றி என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். "இது இருந்தா நீ."

மச்சான் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது பாவா. கூண்டு எண் மாதிரி," என்றான்.

மிருகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், போனது அதற்குத்தான். நீர்யானை இரண்டு காதாக இருந்தது. சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கியது. வால் நுனி மட்டும் ஈ ஓட்டியது. "இது ஓடுதா, நின்னு போச்சா?" என்று கேட்டாள் பெரியவள். சின்னவன், வெள்ளைப்புலியின் வேலிக்கு முன்னால் சிந்தியிருந்த பாப்கார்னைத் தூக்கிப்போன ஓர் எறும்பை, புலியை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல், வெகுநேரம் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து புலியைக் கொண்டுவந்து கட்டிக் காக்கிறார்கள். எறும்பு தானாக வந்து பேரைத் தட்டிக்கொண்டு போகிறது.

பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் தனித்தனியாக இரண்டு புலிகள் இருந்தன. ஏன் தனியாக என்று பெரியவள் கேட்க, அங்கிருந்த பார்வையாளர் ஒருவர், சேர்த்துவிட்டால் சண்டை போடும் பாப்பா, குட்டி இருந்தால் அம்மாவோடு விட்டுவிடுவார்கள் என்றார். அவள் தலையாட்டிக்கொண்டாள். அவளுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. எனக்கு உவமை தேடுவது தொழில். நாள் கணக்கில் தேடியும் கிடைக்காமல் தவித்திருக்கிறேன். அன்று, வேண்டாம் வேண்டாம் என்கிறபோது வந்து காலைச் சுற்றியது.

என்னை முன்னால் பார்க்கும்போதெல்லாம் சின்னவனின் உதடு பிதுங்கியது. ஒரு தடவை அழுதால் சித்தூர் போச்சு. அதனால் நான் பின்னால் போய்விட்டேன். மச்சான் தோளில் அவன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் பின்னால் நடந்துகொண்டே சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்: "அந்த யான காலைல நாலு வாளி பாயசம் குடிச்சிச்சாம்."

அவன் நிமிர்ந்தான். "நைனா?"

முகம் இல்லாத குரல். அவனுக்குப் பழகிய நான்.

"நைனா எங்க?"

"யானைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருக்கேன்," என்றேன். இது இரண்டாவது முட்டாள்தனம், ஆனால் அப்போது அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. அவன் சிரித்தான். அதற்குப் பிறகு நான் கரடிக்குப் பின்னால் இருந்தேன், முதலைக்கு அடியில் இருந்தேன், மயிலின் தோகைக்குள் இருந்தேன். ஒவ்வொரு கூண்டிலும் அவன் என்னைத் தேடினான். மிருகங்களை அன்று அந்த இடத்தில் அவனைப்போல உற்றுப் பார்த்தவர் யாருமில்லை. பெரியவள் ரகசியத்தைக் காப்பாற்றினாள். அவ்வப்போது திரும்பி என் ரப்பர்பேண்டைச் சரிபார்த்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் இப்படிப் போயிற்று. மச்சான்கூட மனம் மாறி, "பரவால்ல பாவா, ரேடியோ நல்லா பாடுது. அக்காகிட்ட நான் சொல்றேன்," என்றான். யானைத் தலையணைகளை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

வெளியே போகும் வழியில் மச்சானுக்குத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. சத்தத்தில் கேட்கவில்லை. "ஒரு நிமிசம் பாவா, புடிங்க," என்று சின்னவனை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி மரங்களுக்குப் பின்னால் போனான். பெரியவள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

சின்னவன் என் முகத்தை ஒரு முழத் தூரத்தில் பார்த்தான்.

காலையில் அலறியது ஒத்திகை. உடம்பை வில்லாக வளைத்து, காலால் உதைத்து, "மாமா, மாமா" என்று கத்தினான். நான் அவனை விடாமல் பிடித்து, "நான்தான்டா, நைனாடா, சிங்கக்குட்டி," என்றேன். அந்தக் குரல் அந்த வாயிலிருந்து வரவர அவன் கத்தல் கூடியது. வாயை மூடினால் யாரோ, திறந்தால் பிசாசு.

கூட்டம் சேர எவ்வளவு நேரமாகும்? பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று எல்லார் போனிலும் எப்போதும் ஒரு செய்தி இருக்கிறது. மொட்டையடித்த ஒரு தடியன், கையில் கதறும் பிள்ளை, மணிக்கட்டில் சின்னப் பெண்ணின் ரோஸ் ரப்பர்பேண்ட். நானே பார்த்திருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன்.

ஓர் அம்மாள் சின்னவனை என் கையிலிருந்து உரிமையோடு வாங்கிக்கொண்டாள். அவள் இடுப்பில் ஏறியதும் அழுகை நின்றது. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? "இவரு உங்கப்பாவா கண்ணா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

காவலாளி வந்துவிட்டார். "ஆதார் உந்தா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படத்தில் இருந்தவனுக்கு அடர்ந்த முடி, கட்டை மீசை. "இதுல மீசை இருக்குதே," என்றார் தமிழுக்கு மாறி. போனைத் திறந்து பிள்ளைகளோடு எடுத்த படங்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே மீசைக்காரன் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தான். யாரோ பின்னாலிருந்து, "அந்த ஆளோட போனையும் திருடிட்டான் போல," என்றார்.

அந்த அம்மாள் கடைசியாகப் பெரியவளிடம் குனிந்தாள். "நீ சொல்லு பாப்பா. இவரு யாரு?"

பெரியவள் ஐஸ்கிரீம் உருகி முழங்கைக்கு ஓடியதை நக்கி முடித்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"எங்க நைனாதான்," என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் உண்மை பேச வளர்க்கப்பட்ட பெண், முழுதாகச் சொன்னாள். "ஆனா எங்க வூட்ல இல்ல. அம்மா உள்ள வுடாது."

கூட்டம் ஒரு அடி நெருங்கியது.

அப்போதுதான் மச்சான் வந்தான். காவலாளி அவனிடம் திரும்பி, இவரைத் தெரியுமா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஒரு கண நேரம்தான். தேவைக்கு மேற்பட்ட ஒரு கணம். எங்கள் கல்யாணத்திலிருந்து அவன் அக்கா பெட்டியோடு பஸ் ஏறிய நாள்வரை எல்லாம் அந்தக் கணத்துக்குள் கொள்ளும். பிறகு, "மா பாவா," என்றான். எங்கள் மாமா என்று தமிழிலும் ஒருமுறை சொன்னான். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. சின்னவன் மாமன் தோளுக்குப் போய், விக்கி விக்கி, ஆட்டோவிலேயே தூங்கிப்போனான்.

வீட்டு வாசலில் மச்சான் பேசவில்லை. அவன் காப்பாற்ற நினைத்தானென்றே நம்புகிறேன். ஆனால் பெரியவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்தியைச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நைனாவ போலீஸ் புடிச்சாங்க."

மனைவி தூங்குகிற பிள்ளையை வாங்கி, கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீர்க் கோட்டை விரலால் துடைத்தாள். கோபப்பட்டிருக்கலாம். படவில்லை.

"முடி வளரட்டும்," என்றாள். "அப்புறம் பாக்கலாம்."

"தொப்பி போட்டுக்கினு வரேன்."

"முடி வளரட்டுங்க."

சாமியிடம் நான் கொடுத்ததும் அதுதான், அவள் கேட்டதும் அதுதான். இடையில் நான் ஏன் என்று தெரியவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பாகாலா தாண்டும்வரை ரப்பர்பேண்டைக் கழற்றத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் தலையைப் பார்த்து, "தரிசனம் நல்லா ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். அவரும் எதையோ வேண்டிக்கொண்டு வந்தவராக இருந்தார். காரியம் முடிந்த பிறகு கொடுத்ததாகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குப் போன் செய்தேன். எடுப்பாளா என்று பயம். எடுத்தாள், தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் காலடிச் சத்தம் விலகுவது கேட்டது.

"டேய், சிங்கக்குட்டி," என்றேன்.

"நைனா," என்றான் சின்னவன். அந்தச் சந்தோஷத்தை நேரில் ஒருமுறை பார்த்திருக்கலாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்: ஜூவுக்குப் போனானாம், எறும்பு பார்த்தானாம், நான் யானைக்குப் பின்னால் இருந்தேனாம், முதலைக்கு அடியில் இருந்தேனாம்.

"ஆமாண்டா. இருந்தேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்புறம் ஒரு மொட்ட வந்து என்ன புடிச்சிக்கினான். நீ ஏன் நைனா வெளிய வரல? பயந்துக்கினியா?"